மூங்கிலின் குரல்



ஆடி மாதத்தில் கோயம்புத்தூருக்கு மேற்கே சென்று நின்றவர்கள் அந்தக் காற்றை மறக்கமாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுடைய பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெருவாயிலாகத் திறந்து கிடக்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயிலின் வழியே புகுந்து, கொங்கு நாட்டின் மீது தடையின்றி வீசுகின்றது. பல்லடத்திலும் உடுமலைப்பேட்டையிலும் காற்றாலைகள் சுழல்வது அக்காற்றால்தான். வீட்டுத் திண்ணையிலே சிறுவர்கள் கட்டித் தொங்கவிடும் மூங்கில் ஒலிக்கோவை கலகலவென்று பேசுவதும் அதனால்தான்.

இவ்வொலிக்கோவையைப் புதிதாக வந்த விளையாட்டுப் பொருள் என்று எண்ணுவோர் பலர். ஆனால், காற்றும் மூங்கிலும் கூடி இசைப்பதைத் தமிழன் மிகப் பழங்காலத்திலேயே செவிகொடுத்துக் கேட்டிருக்கின்றான். அகநானூற்றின் 82ஆம் பாட்டிலே கபிலர் ஒரு மலையரங்கைக் காட்டுகின்றார். அசைகின்ற மூங்கிலில் துளைகள் இருக்கின்றன. மேல்காற்றாகிய கோடை அத்துளைகளில் புகுந்து குழலிசையை எழுப்புகின்றது. அருவி முழவாகின்றது, வண்டு யாழாகின்றது. மயில் விறலியைப்போல ஆட, மந்திகள் அவையோராக இருந்து வியந்து நோக்குகின்றன. மனிதன் கைபடாமலே மூங்கிலைப் பாடச் செய்த அந்தக் கோடைதான் இன்று நம் திண்ணையிலும் வீசுகின்றது.

கையால் ஒலிப்பித்த மூங்கிலும் அக்காலத்தில் உண்டு. தினைப்புனம் காத்த மகளிர் தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் கிளிகளை ஓட்டினர் என்று குறிஞ்சிப்பாட்டு கூறும். மூங்கிலைக் கணுக்களுக்கு இடையே நறுக்கிப் பலவாகப் பிளந்து, ஓசை எழுமாறு தட்டுவது தட்டை என்று நச்சினார்க்கினியர் விளக்குகின்றார். தட்டையும் இன்றைய ஒலிக்கோவையும் ஒன்றல்ல. முன்னது கைக்குரியது, பின்னது காற்றுக்குரியது. எனினும், உள்ளே வெறுமையும் வெளியே வன்மையும் உடைய மூங்கில் தட்டினால் ஒலிக்கும் என்ற அறிவு இரண்டிற்கும் பொதுவன்றோ? சாவகத் தீவில் சுண்டா மக்கள் மூங்கிற் குழாய்களை அசைத்து இசைக்கும் 'அங்க்லுங்' என்னும் கருவியும் இவ்வறிவின் கனியே. யுனெஸ்கோ நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அதனை மானிடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

கொங்கு நாட்டிற்கு இவ்வகையில் தனிப்பெருமை ஒன்றுண்டு. சிலப்பதிகாரத்திற்கு உரைகண்ட அடியார்க்குநல்லார் கொங்கு நாட்டு நிரம்பையைச் சார்ந்தவர் என்பது மரபு. குழல் செய்வதற்குரிய பொருள்களுள் மூங்கிலே தலையாயது என்கின்றார் அவர். குழலுக்குரிய மரம் இளமையும் மிகு முதுமையும் இல்லாததாக இருத்தல் வேண்டும். வெட்டியபின் நிழலிலே ஆறவிட வேண்டும். திருகலும் பிளவும் இல்லையென்று கண்டு, ஓராண்டு கழித்தே கருவி செய்ய வேண்டும் என்பது அவர் தரும் இலக்கணம்.

ஒலிக்கோவை செய்யப் புகும் இளைஞருக்கும் இதனினும் நல்ல முதற்பாடம் இல்லை. மூன்று நான்கு ஆண்டு முற்றிய மூங்கிலைச் சில வாரம் நீரில் ஊறவைத்தால், துளைக்கும் வண்டு விரும்பும் மாவுச்சத்துக் குறையும். பிறகு நிழலில் உலர்த்துக. கணுக்களை நீக்கி, வெவ்வேறு நீளமுள்ள ஐந்து குழாய்களை அறுத்துக்கொள்க. தட்டி ஒலிக்கும் குழாயில் நீளம் குறையக் குறையச் சுருதி உயரும். நூல் கோக்கும் துளையை முனையிலே இடுதல் கூடாது. நீளத்தில் ஒன்பதில் இரண்டு பங்கு தள்ளி இடவேண்டும். 36 செண்டிமீட்டர்க் குழாயாயின் 8 செண்டிமீட்டரிலும், 27 செண்டிமீட்டராயின் 6 செண்டிமீட்டரிலும் துளையிடுக. குழாய் அதிரும்போது அவ்விடம் அசைவின்றி நிற்பதால், நூல் ஒலியைத் தடுப்பதில்லை. நடுவிலே தேங்காய்ச் சிரட்டையொன்றும், அதன்கீழ்க் காற்றை வாங்கப் பனையோலைத் துண்டொன்றும் தொங்கட்டும். எஞ்சியதைக் காற்று செய்துகொள்ளும்.

ஆனால், மூங்கில் எங்கிருந்து வரும்? இவ்வினாவிற்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கின்றது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் பகுத்தார். உரையாசிரியர்கள் மூங்கிலைப் புல்லினத்தில் வைத்தனர். இன்றைய தாவரவியலும் அதனைப் புல் என்றே கூறுகின்றது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமோ 'மரம்' என்னும் சொல்லுக்குள் மூங்கிலையும் அடக்கிற்று. சொல் ஒன்று மாறியதோடு வாழ்வும் மாறியது. ஆனைமலைக் காடர்கள் மூங்கிலிலே சீப்புச் செய்து மணமகளுக்கு அளித்தனர் என்று எட்கர் தர்ஸ்டன் 1909இல் எழுதினார். அத்தகைய மக்கள், தம் பாட்டன் வெட்டிய கழையை வெட்டுவதற்குப் பிறரது ஒப்புதலை நாடி நிற்க நேர்ந்தது. ஒருபுறம் அவர்களுக்குத் தடை. மறுபுறம் இருபதாம் நூற்றாண்டில் காகித ஆலைகளுக்கு மூங்கில் மலைமலையாகச் சென்றது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள்களுள் ஒன்றாக ஏற்று, வனத்தில் வாழும் மக்களுக்கு அதன்மீது உரிமை வழங்கிற்று. 2017இல் இந்திய வனச் சட்டத்தின் மர இலக்கணத்திலிருந்தும் மூங்கில் நீக்கப்பட்டது. தொல்காப்பியர் தெளிந்திருந்ததைச் சட்டம் ஒப்புக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று! அதற்குள் முறத்தையும் கூடையையும் பிளாஸ்டிக்குப் பெரிதும் விழுங்கிவிட்டது. உரிமை திரும்பினாலும், கைப்பழக்கம் தானே திரும்பி வருமா? மூங்கிலை வளையாமல் பிளக்கும் கைத்திறன் ஏட்டில் இல்லை. அது முடைவோர் விரல்களில் இருக்கின்றது.

ஆதலின், ஒலிக்கோவை செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். மூங்கிலைக் கூடை முடைபவரிடமே சென்று வாங்குங்கள். உரிய விலையைக் கொடுங்கள். அவர் அருகே சிறிது நேரம் அமர்ந்து அவருடைய கத்தி செல்லும் வழியைப் பாருங்கள். அடுத்த ஆடியில் உங்கள் திண்ணையில் மூங்கில் பேசும்பொழுது, அதில் காற்றின் குரலோடு அவர் குரலும் கேட்கும்.