சிகாமட் கல்லும் தோபாச் சாம்பலும்



2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் காலையில், நம் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் வட்டாரத்தில் நிலம் அதிர்ந்தது. அதிர்வின் அளவு 4.1 என்று அறிவித்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டு கேட்டது ஒரே கேள்விதான்: "இங்கே எரிமலை இருக்கிறதா?"

இப்போது இல்லை. அன்றைய அதிர்ச்சி, பூமிக்கடியில் பழைய பாறைப் பிளவு ஒன்று அசைந்ததால் வந்தது. ஆனால் ஒரு காலத்தில் சிகாமட்டில் எரிமலைக் குழம்பு ஓடியது உண்மை. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் அடுத்த கேள்வியைப் போட்டார்கள்: "எப்போது?" இன்றைய உரை அந்த 'எப்போது' பற்றித்தான். கல்லின் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும், நம் நாட்டில் ஓர் எரிமலைச் சாம்பலுக்குத் தவறிப்போன வயது, மனித வரலாற்றையே எப்படித் திசைதிருப்பியது என்பதையும் பார்ப்போம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். குனோங் லேடாங் மலையைப் பார்த்து, இதுதான் பழைய எரிமலை என்று சொல்பவர்கள் பலர். அது கருங்கல் மலை. கருங்கல்லும் ஒருநாள் உருகிய குழம்பாக இருந்ததுதான். ஆனால் அது மேலே வந்து கொட்டவில்லை, பூமிக்குள்ளேயே மெல்ல ஆறிக் கெட்டியாயிற்று. மேலே வந்து கொட்டியது சிகாமட் பக்கத்து 'பசால்ட்' என்னும் கறுத்த கல். அது மழையிலும் வெயிலிலும் மக்கிச் செம்மண் ஆகும். மண்ணாய்வு செய்தவர்கள் நாட்டின் மண்வகைகளுக்கு ஊர்ப்பெயர்களைச் சூட்டியபோது, எரிமலைப் பாறை மக்கி உண்டான ஒரு செங்களி மண்ணுக்குச் 'சிகாமட்' என்றே பெயர் வைத்தார்கள். ரப்பருக்கு உகந்த மண் அது. நம் பாட்டன்மார் காண்டா போட்டுச் சுமந்து நடந்த மண்ணில் எரிமலையின் மிச்சம் கலந்திருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

வட ஜொகூரின் இந்த எரிமலைக் கற்களில் பொட்டாசியம் மிகுதி என்று 1965இல் கிரப் என்ற நிலவியலாளர் எழுதினார். பொட்டாசியம் இருந்தால் வயது கணக்கிட வழி உண்டு. 1977இல் வெளியான பிக்னெல், ஸ்னெல்லிங் என்ற இருவரின் ஆய்வு, சிகாமட் பசால்ட்டுக்கு 6 கோடியே 20 லட்சம் ஆண்டு என்று வயது சொன்னது. உலகில் டைனோசர்கள் மறைந்து சுமார் 40 லட்சம் ஆண்டுகள் ஆன பிறகு. அஜந்தாக் குகைகளைக் குடைந்தார்களே, இந்தியாவின் தக்காணப் பாறை, அதற்குச் சற்று மூத்த கல். குவாந்தான் பசால்ட் இதைவிட மிக இளையது. சுமார் 17 லட்சம் ஆண்டுதான்.

கல்லில் பிறந்த தேதி எழுதியிருக்காதே, எப்படித் தெரிந்தது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பால்மரத்தை வெட்டி மங்கைக் கட்டிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒரே வேகத்தில் சொட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், மங்கில் எவ்வளவு பால் இருக்கிறது என்று பார்த்தே மரம் வெட்டி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடலாம் அல்லவா? கல்லுக்குள்ளும் அப்படி ஒன்று சொட்டுகிறது. பொட்டாசியத்தில் ஒரு மிகச் சிறு பகுதி, பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில், நிலையற்றது. அதைப் பொட்டாசியம் 40 என்பார்கள். அது தானாகவே சிதைகிறது. சிதைவதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்கன் என்ற வாயுவாகிறது. ஒரு கையளவு பொட்டாசியம் 40 பாதியாகக் குறைய 125 கோடி ஆண்டு பிடிக்கும். கல் உருகிக் குழம்பாக இருக்கும்போது ஆர்கன் வெளியேறிவிடும், மங்கு காலி. குழம்பு ஆறிக் கல்லானதும் புதிதாகப் பிறக்கும் ஆர்கன் உள்ளே சிறைப்படும். அந்த ஆர்கனை அளந்தால் வயது.

ஆனால் மங்கில் நேற்றைய கட்டிப்பால் ஒட்டியிருந்தால் கணக்கு கூடிப்போகும். மங்கு ஓட்டையானால் குறைந்துபோகும். கல்லிலும் இந்த இரண்டு வம்பும் உண்டு. நம் நாட்டு மழையில் மக்கிய கல் ஓட்டை மங்குதான். மேலும் கல் மிக இளையதாக இருந்தால் விழுந்திருப்பதே ஓரிரு சொட்டு. அதை அளப்பது பெரும்பாடு. 1960களில் இதைச் சீர்படுத்தி ஓர் உத்தி கண்டார்கள். கல்லை அணு உலையில் வைத்து, அதிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு பகுதியையும் ஆர்கனாக மாற்றி, இரண்டு ஆர்கன்களையும் ஒரே கருவியில் ஒப்பிடுவது. இதனால் ஒரு மணல் துகள் அளவு படிகத்துக்கும் வயது சொல்ல முடிந்தது.

இனி ஜொகூரை விட்டு வடக்கே பேராக் மாநிலத்துக்குப் போவோம். நம் கதையின் கனமான பகுதி அங்கேதான். மலாயாவின் பழைய ஆற்றுப் படுகைகளில் வெள்ளை மாவு போல ஒரு சாம்பல் கிடைத்து வந்தது. அரசாங்க நிலவியலாளர் ஸ்கிரிவனர் 1930இல் அதைப் பற்றி எழுதினார். தீபகற்பத்தில் அண்மைக்கால எரிமலையே இல்லாதபோது சாம்பல் ஏது? மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவில் இருந்து. அங்கே தோபா ஏரி இருக்கிறது. நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் 30. அது வெடித்து உள்ளே சரிந்த எரிமலையின் வாய் என்பதை டச்சு நிலவியலாளர் வான் பெம்மெலன் 1939இல் விளக்கினார். அந்த வெடிப்பில் வெளியேறிய பொருள் 2,500 முதல் 3,000 கன கிலோமீட்டர் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டார்கள். 1883இல் உலகையே உலுக்கிய கிரக்கத்தோவா கக்கியது சுமார் 20 கன கிலோமீட்டர்தான்.

இந்த வெடிப்பு எப்போது? 1978இல் பொட்டாசியம்-ஆர்கன் முறையில் வந்த விடை 75,000 ஆண்டு. 1980இல் வேறு சிலர், மலாயாச் சாம்பலிலேயே உள்ள சிர்கான் படிகங்களை எடுத்து, யுரேனியம் பிளந்து உண்டாக்கும் நுண்ணிய கீறல்களை எண்ணிப் பார்த்து, 30,000 ஆண்டு என்றார்கள். ஒரே வெடிப்புக்கு இரண்டு வயது! நிலவியலாளருக்கு இது ஒரு கருத்து வேறுபாடு. வரலாற்றாசிரியருக்கு அப்படியல்ல.

ஏன் என்றால், பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கில் கோத்தா தம்பான் என்ற இடம் இருக்கிறது. 1938இல் கோலிங்ஸ் என்பவர் அங்கே கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார். 1987இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுராய்னா மஜிட் அகழ்ந்தபோது, அது ஆயுதம் செய்யும் பட்டறை என்றே தெரிந்தது. அடைகல், சுத்தியல் கல், உடைத்த சில்லு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே கிடந்தன. வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போனது போன்ற தோற்றம். சாம்பல் அங்கேயும் இருந்தது. எனவே சாம்பலின் வயதே பட்டறையின் வயதாயிற்று: 31,000 ஆண்டு. அந்த எண் நூல்களில் ஏறியது.

1991இல் செஸ்னரும் உடன் உழைத்தவர்களும் தோபாவின் படிகங்களை ஒவ்வொன்றாக ஆர்கன் முறையில் அளந்தார்கள். கடைசி வெடிப்பு 73,000 ஆண்டுக்கு முன்; கூடக் குறைய 4,000. அதற்கு முந்தியது 5 லட்சத்து ஓராயிரம். அதற்கும் முந்தியவை 8 லட்சத்து 40 ஆயிரம், 12 லட்சம். ஆக நான்கு பெருவெடிப்புகள். கீறல் எண்ணும் முறையையும் அவர்கள் தள்ளிவிடவில்லை. எரிமலைக் கண்ணாடியில் பழைய கீறல்கள் நாளடைவில் ஆறி மறைந்துவிடும். அதற்கு ஈடு செய்து மலேசியச் சாம்பலை மறுபடி எண்ணினார்கள். 68,000 என்று வந்தது. கூடக் குறைய 7,000. இரண்டு வழியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. முறை கெட்டதல்ல, அதைக் கையாள்வதில் இன்னும் நுட்பம் வேண்டியிருந்தது என்பதே நம் எண்ணம்.

2012இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டோரி, ஆஸ்திரேலியாவின் ராபர்ட்ஸ், நம் நாட்டின் மொக்தார் சைடின் ஆகிய மூவரும் லெங்கோங் சாம்பலிலிருந்தே படிகம் எடுத்து அளந்து, 73,880 ஆண்டு, கூடக் குறைய 320 என்றார்கள். அதே 2012இல் லெங்கோங் உலக மரபுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

கோத்தா தம்பான் பட்டறையின் வயது இதனால் இரு மடங்குக்கு மேல் ஆயிற்று. 30,000 என்றால், நம்மைப் போன்ற மனிதர் இந்தப் பக்கம் வந்து வெகுகாலம் ஆன பிறகு நடந்த வேலை. 74,000 என்றால், அவர்கள் வந்தார்களா, எப்போது வந்தார்கள் என்ற பெரிய வழக்கிலேயே அது சாட்சி. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் தோபாச் சாம்பல் படிந்திருக்கிறது. பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சாம்பலுக்குக் கீழும் மேலும் ஒத்த வகைக் கல்லாயுதங்கள் கிடைத்ததாகக் காட்டினார்கள். வெடிப்பில் மனிதர் பூண்டோடு அழிந்தார்கள் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

ஆனாலும் லெங்கோங் வழக்கு முடிந்துவிடவில்லை. அங்கே கிடக்கும் சாம்பலின் பெரும்பகுதி வானிலிருந்து விழுந்த இடத்திலேயே கிடப்பதல்ல, பின்னால் ஆற்று வெள்ளம் அடித்துக் கொண்டுவந்து குவித்தது என்று கட்டி என்ற ஆய்வாளர் 2013 அளவில் காட்டினார். வெடித்த நாள் உறுதி; அது இந்த மேட்டில் வந்து படிந்த நாள் வேறாக இருக்கலாம். அதனால் பட்டறைக்கு வயது சொல்ல, சாம்பலை மட்டும் நம்பாமல் மணல் வெயில் கண்ட காலத்தையும் அளக்கிறார்கள்.

பக்கத்திலேயே புக்கிட் பூனோ. விண்கல் விழுந்து உருகிய பாறைக்குள் கல்லாயுதம் இருந்ததாகவும், அதன் வயது 18 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு என்றும் 2009இல் செய்தி வந்தது. கணக்கிட்டது அதே கீறல் முறைதான். கூடக் குறைய 6 லட்சத்து 10 ஆயிரம். செய்தித்தாள்களின் தலைப்பில் முதல் எண் மட்டுமே பெரிதாக வந்தது. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் இரண்டு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.