மன்னார் வளைகுடாவில் கப்பாஃபைக்கசு பாசிப் பரவல்

மன்னார் வளைகுடாவில் கப்பாஃபைக்கசு பாசிப் பரவல் என்பது, சாகுபடிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கசு அல்வரெசீ என்னும் அயல்நாட்டுச் சிவப்புக் கடற்பாசி, தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்தை அடுத்துள்ள தீவுகளின் பவளப்பாறைகள் மீது பரவிய நிகழ்வைக் குறிக்கும். குருசடைத் தீவில் இப்பரவல் ஏற்பட்டிருப்பதை மதுரையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008 ஆம் ஆண்டு கரண்ட் சயின்சு இதழில் வெளியிட்டனர். அதன் பின்னர் சிங்கில், முள்ளி ஆகிய தீவுகளிலும் இப்பாசி காணப்பட்டது. கடலோர மக்களுக்கு வருவாய் தரும் பயிராகவும் பவளங்களை மூடிக் கொல்லும் களையாகவும் ஒரே பாசி விளங்குவதால், இதன் கட்டுப்பாடு அறிவியல் சிக்கலாக மட்டுமன்றி வாழ்வாதாரச் சிக்கலாகவும் உள்ளது.

பெயரும் இயல்பும்

கப்பாஃபைக்கசு, தென்கிழக்கு ஆசியக் கடல்களைத் தாயகமாகக் கொண்ட சிவப்புப் பாசியினம் ஆகும். சிவப்புப் பாசி வகுப்பைச் சேர்ந்ததாயினும் பச்சை, பழுப்பு, சிவப்பு ஆகிய நிறங்களில் காணப்படும். தடித்த, சதைப்பற்றுள்ள, கிளைத்த உடலைக் கொண்டது. தமிழகத்தில் குளிர்பான நிறுவனமான பெப்சிகோ இதன் ஒப்பந்தச் சாகுபடியை முன்னெடுத்ததால், மீனவர்களிடையே இது "பெப்சி பாசி" எனப் பெயர் பெற்றது. இப்பகுதியில் இயற்கையாக வளர்ந்து, நெடுங்காலமாகச் சேகரிக்கப்பட்டு வரும் மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியவற்றிலிருந்து இது வேறானது.

இதிலிருந்து கப்பா காராசீனன் என்னும் கூழ்மப்பொருள் பிரித்தெடுக்கப்படுகிறது. பனிக்கூழ், பால் பொருட்கள், பற்பசை முதலியவற்றைக் கெட்டிப்படுத்தவும் நிலைப்படுத்தவும் இது பயன்படுகிறது. பாசியைப் பிழிந்து பெறும் சாறு பயிர்களுக்குத் திரவ உரமாகவும் பயன்படுத்தப்படுகிறது.

இப்பாசி பெரும்பாலும் உடல்வழி இனப்பெருக்கத்தால் பெருகுகிறது. ஒடிந்த சிறு துண்டும் தனிப் பாசியாக வளரும். ஏற்ற சூழலில் 15 முதல் 30 நாட்களில் எடை இரட்டிப்பாகும். உழவருக்கு நன்மையான இவ்வியல்பே பவளப்பாறைக்குக் கேடாக அமைந்தது.

அறிமுகமும் சாகுபடியும்

குஜராத்தின் பாவ்நகரில் தலைமையிடம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், 1980களில் சப்பானிலிருந்து இப்பாசியைப் பெற்றுச் சௌராட்டிரக் கடற்கரையில் வளர்த்துச் சோதித்தது. 1990களின் நடுப்பகுதியில் அந்நிறுவனத்தின் மண்டபம் நிலையத்தில் சாகுபடி முறைகள் உருவாக்கப்பட்டன. 2000 ஆம் ஆண்டிற்குப் பின் பெப்சிகோ நிறுவனம் தன்னுதவிக் குழுக்கள் வழியாக வணிக முறையில் சாகுபடியைத் தொடங்கியது. 2008 ஆம் ஆண்டு அத்தொழிலை அக்வாக்ரி நிறுவனம் ஏற்றது.

மூங்கிலால் சதுர மிதவை கட்டி, அதில் கயிறுகளை இழுத்து, கயிறுகளில் பாசித் துண்டுகளை முடிந்து ஆழம் குறைந்த கடலில் மிதக்கவிடுவர். ஓரா போன்ற தாவர உண்ணி மீன்கள் கடிக்காதிருக்க மிதவையின் அடியில் வலை கட்டுவதுண்டு. ஏறத்தாழ 45 நாட்களில் அறுவடை செய்து, விதைப்புக்கு ஒரு பகுதியை ஒதுக்கியபின் எஞ்சியதைக் காயவைப்பர். பத்துப் பங்கு ஈரப்பாசிக்கு ஏறக்குறைய ஒரு பங்கு உலர்ந்த பாசி கிடைக்கும். நிலமோ படகோ இல்லாத மீனவக் குடும்பங்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இது நேரடி வருவாயைத் தந்தது. 2013 ஆம் ஆண்டளவில் ஆண்டு உற்பத்தி உலர் எடையில் சுமார் 1,500 டன்னை எட்டியது. அதன் பின்னர் கடல்நீர் வெப்பம் மிகுந்ததால் பாசி பெருமளவில் அழிந்து உற்பத்தி வீழ்ந்தது.

பவளப்பாறைகளில் பரவல்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே 21 தீவுகள் உள்ளன. இவை 1986 ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989 ஆம் ஆண்டு இப்பகுதி உயிர்க்கோளக் காப்பகமானது. சாகுபடி பெரும்பாலும் பாம்பனுக்கு வடக்கே பாக்கு நீரிணைப் பகுதியில் நடைபெற்றது. மிதவைகளிலிருந்து ஒடிந்த துண்டுகள் நீரோட்டத்தால் பாம்பன் கால்வாய் வழியாகத் தெற்கே அடித்துச் செல்லப்பட்டுத் தீவுகளை அடைந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

கிளைத்த மான்கொம்புப் பவளங்களின் இடுக்குகளில் துண்டுகள் எளிதில் சிக்கிப் பற்றிக்கொள்கின்றன. பின்னர் பாசி தடித்த விரிப்பாகப் பவளத்தை மூடுகிறது. பவளத்தின் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே ஒளிச்சேர்க்கை மூலம் அதன் உணவில் பெரும்பகுதியை அளிக்கின்றன. ஒளி மறைக்கப்பட்டால் அவ்வுணவு தடைப்படுகிறது. மூடப்பட்ட இடத்தில் நீரோட்டமும் குறைந்து படிவுகள் தேங்குவதால் பவளம் இறக்கிறது.

பரவலின் அளவு குறித்துக் கருத்து வேறுபாடு நிலவியது. பாதிக்கப்பட்ட பரப்பு மொத்தப் பவளப்பாறைப் பரப்பில் மிகச் சிறியது என்றும், சாகுபடியைக் கைவிடத் தேவையில்லை என்றும் மத்திய உப்பு நிறுவன ஆய்வாளர்கள் வாதிட்டனர். பரப்பு சிறியதாயினும் பரவல் தொடர்கிறது என்பது பாறைகளைக் கண்காணித்த பிற ஆய்வாளர்களின் நிலைப்பாடாக இருந்தது.

கட்டுப்பாட்டு முறைகள்

சட்ட வழி: தமிழ்நாடு அரசு 2005 ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையில், பாக்கு நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடி கடற்கரைக்குத் தெற்கிலும் மட்டுமே இப்பாசியைச் சாகுபடி செய்ய இசைவளித்தது. தேசியப் பூங்காவை ஒட்டிய கடற்பகுதியைச் சாகுபடியிலிருந்து விலக்குவது இதன் நோக்கமாகும்.

கையால் அகற்றல்: வனத்துறையினர் நீரில் மூழ்குவோரைக் கொண்டு பாசியைப் பறித்து அகற்றினர். பவளத்திற்குத் தீங்கு குறைந்த முறை இதுவே. எனினும் பறிக்கும்போது ஒடியும் துண்டுகளும் பவளத்தில் ஒட்டி எஞ்சும் அடிப்பகுதியும் மீண்டும் துளிர்க்கின்றன. எனவே ஒருமுறை அகற்றுவதால் பயனில்லை. அதே இடத்திற்குத் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும். பறித்த பாசியைக் கடலில் விடாது கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

உயிரியல் வழி: அவாயித் தீவுகளின் கானியோகி விரிகுடாவில் 1974 ஆம் ஆண்டு ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைக்கசு பின்னர் பாறைகளில் பரவியது. அங்குக் கையால் அகற்றிய பாசி இரு மாதங்களுக்குள் மீண்டும் வளர்ந்தது ஆய்வில் தெரியவந்தது. எனவே "சூப்பர் சக்கர்" எனப்படும் உறிஞ்சு கருவியால் பாசியை அகற்றியபின், பொரிப்பகத்தில் வளர்த்த உள்நாட்டுக் கடல் முள்ளெலிகளை அவ்விடத்தில் விட்டனர். எஞ்சிய துளிர்களை அவை மேய்ந்ததால் இம்முறை நல்ல பலனளித்தது.

வேதியியல் வழி: செப்பு உப்பு போன்ற பாசிக்கொல்லிகள் பவளங்களையும் பிற முதுகெலும்பற்ற உயிர்களையும் கொல்லும் என்பதால் பவளப்பாறைகளில் இவற்றைப் பயன்படுத்துவதில்லை.

வளர்ப்புத் தொட்டிகளுடன் ஒப்பீடு

கடல்நீர் வளர்ப்புத் தொட்டிகளில் பவளம் வளர்ப்போரும் இதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். நைத்திரேட்டு, பாசுபேட்டு ஆகிய ஊட்டங்களைக் குறைத்தல், நீரை மாற்றுதல், மேயும் நத்தைகளையும் மீன்களையும் விடுதல், கையால் பறித்தல் ஆகியவை அங்குக் கையாளப்படும் முறைகள். தொட்டியில் நீரின் ஊட்டத்தையும் ஒளியையும் வளர்ப்பவர் கட்டுப்படுத்த இயலும். திறந்த கடலில் அது இயலாது.

தொட்டியிலிருந்து பாசி வெளியேறுவதும் பெருங்கேடாகும். நடுநிலக் கடலில் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே 1984 ஆம் ஆண்டு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட கோலெர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் பச்சைப் பாசி, உடனே அகற்றப்படாததால் பல நாடுகளின் கரைகளுக்குப் பரவியது. அதே பாசி 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு காயலில் காணப்பட்டபோது, உடனே விரிப்புகளால் மூடிக் குளோரின் செலுத்தி அழிக்கப்பட்டது. 2006 ஆம் ஆண்டு அது முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பவளமில்லாத காயலாக இருந்ததால் அங்குக் குளோரினைப் பயன்படுத்த முடிந்தது. தொடக்கத்திலேயே கண்டறிந்ததே வெற்றிக்கு முதன்மைக் காரணமாகும்.

பிற்கால நிலை

2016 ஆம் ஆண்டு ஏற்பட்ட பவள வெளிறலில் மன்னார் வளைகுடாவின் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது. வெளிறி இறந்த பவளத்தின் மீது பாசிகள் எளிதில் குடியேறுவதால், கண்காணிப்பின் தேவை மேலும் கூடியுள்ளது.

மறுபுறம், தமிழ்நாட்டில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்கப்படும் என 2021 ஆம் ஆண்டு நடுவண் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023 ஆம் ஆண்டு இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சாகுபடி விரிவடையும்போது, ஒடிந்த துண்டுகள் கடலில் கலவாது மிதவைகளைப் பேணுதல், சேதமடைந்த மிதவைகளைக் கரையேற்றுதல், தீவுப் பாறைகளைத் தொடர்ந்து கண்காணித்தல், உள்நாட்டுப் பாசியினங்களின் சாகுபடியை வளர்த்தல் ஆகியவை இன்றியமையாதன. பாறையில் ஒருமுறை வேரூன்றிய பாசியை முற்றிலும் ஒழிப்பது கடினம் என்பதையே குருசடையின் பட்டறிவு காட்டுகிறது.

இவற்றையும் பார்க்க

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா
குருசடைத் தீவு
பவளப் பாறை
ஊடுருவும் இனங்கள்