பிக்-அப்பில் எத்தனை குலை ஏற்றலாம்? தோட்டக்காரர்களுக்கான எடைக் கணக்கு

காண்டா வாளியில் பால் சுமந்த தலைமுறையின் பிள்ளைகள் சிலர், பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களை ஒட்டிய பகுதிகளில் இன்று சிறு செம்பனை நிலம் வைத்திருக்கிறார்கள். சிலர் மாடு வளர்க்கிறார்கள், சிலர் காய்கறி பயிரிடுகிறார்கள். குலை, உரம், புல், தண்ணீர்த் தொட்டி என எதுவானாலும் ஏற்றிச் செல்ல வீட்டில் இருப்பது ஒரே பிக்-அப் வாகனம்தான்.

வெட்டிய குலையை நெடுநேரம் வைத்திருந்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் குறையும். அதனால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு சேர்க்கப் பார்ப்பார்கள். 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு உயர்ந்தபோது, இரண்டு நடையை ஒரே நடையாக முடித்துவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பே. ஆனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதை இஞ்சினின் பலத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. அந்தச் சுமையோடு வாகனத்தைப் பாதுகாப்பாக நிறுத்த முடியுமா என்பதுதான் கணக்கு.

இரண்டு எடைகள்

சாலையில் போகும் லோரிகளின் கதவில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்கும். 'பெராட் டெங்கான் முவாத்தான்' என்பது சுமையுடன் வாகனம் இருக்கக்கூடிய அதிகபட்ச எடை. 'பெராட் தன்பா முவாத்தான்' என்பது சுமை இல்லாத எடை. பிக்-அப்புக்கும் இதே இரண்டு எடைகள் உண்டு. வாகனக் கையேட்டிலோ விற்பனை நிலையத்திலோ கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, ஒரு வாகனத்தின் அதிகபட்ச எடை 3,000 கிலோ, வெறும் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,000 கிலோ. ஓட்டுநரும் உதவியாளரும் 140 கிலோ, அரிவாள், தள்ளுவண்டி போன்ற சாமான்கள் 60 கிலோ என்றால் குலைக்குக் கிடைப்பது 800 கிலோதான். குலை ஒன்று 20 கிலோ என்றால் 40 குலைகள். 50 கிலோ உர மூட்டை என்றால் 16. ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ, அதை இந்த வாகனத்தில் ஏற்றவே கூடாது.

டிரெய்லர் இழுக்கும்போது

3,500 கிலோ இழுக்கும் என்று சில பிக்-அப் வாகனங்களுக்கு விளம்பரம் செய்கிறார்கள். அந்த அளவு, சொந்தமாக பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டுமே பொருந்தும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஆஸ்திரேலியா, ஐரோப்பா போன்ற இடங்களில் 750 கிலோவே வரம்பு. பட்டறையில் ஒட்டவைத்துச் செய்த டிரெய்லர் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 1,500 கிலோ டிரெய்லர் என்றால் அது 150 கிலோ. இந்த 150 கிலோவைப் பிக்-அப் ஏற்கும் சுமையிலிருந்து கழிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 40 குலை 32 ஆகிவிடும். பிக்-அப்பும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் தனி வரம்பு உண்டு. பின் தொட்டியையும் டிரெய்லரையும் ஒரே நேரத்தில் முழுதாக நிரப்பினால் பல வாகனங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

டிரெய்லரில் பின்பாரம் அதிகமானால் அது பாம்புபோல் ஆடத் தொடங்கும். அப்போது திடீரென பிரேக் பிடிக்கவோ ஸ்டேரிங்கை வெட்டவோ கூடாது. எண்ணெயிலிருந்து காலை எடுத்து, ஸ்டேரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் குறைய விட வேண்டும்.

ஸ்பிரிங் பட்டை கூட்டினால் போதுமா?

போதாது. பட்டை கூட்டினால் பின்பக்கம் தாழ்ந்து தெரியாது, அவ்வளவுதான். பிரேக், அச்சு, சட்டம், டயர் எல்லாம் பழையபடியே இருக்கும். சுமை வெளியே தெரியாததால் ஆபத்து கூடவும் செய்யும். டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். அதுவும் காற்று சரியாக இருந்தால் மட்டுமே. ஓட்டுநர் கதவோரச் சீட்டில், சுமையோடு ஓட்டும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

பாரம் பின் அச்சுக்கு முன்னால் இருப்பது நல்லது. தொட்டியின் கடைசியில் குவித்தால் முன் சக்கரங்கள் லேசாகி ஸ்டேரிங் பிடி தளரும்.

இறக்கத்தில்

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் சாலையில் காய்கறியோடு இறங்குபவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரே வேகத்தில் எடை இரண்டு மடங்கானால் பிரேக்கில் எழும் வெப்பமும் இரண்டு மடங்காகும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாறி, இஞ்சினின் பிடிப்பில் இறங்க வேண்டும்.

2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் பிரிவான எஃப்.ஆர்.யூ. போலீசார் 9 பேர் உயிரிழந்தனர். லோரியின் ஸ்டேரிங் பழுதும் அளவுக்கு மீறிய சுமையும் அதன் பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்தன. அதிகச் சுமையின் விலையை எதிரே வருபவரும் கொடுக்க நேரும்.

சட்டமும் கவனிக்க வேண்டியவையும்

தோட்டத்துக்குள் ஓடும் டிரெய்லரைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவரும் முன், பதிவும் அனுமதியும் பற்றி ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது அவசியம். பிறருடைய குலையைக் கூலிக்கு ஏற்றுவதாக இருந்தால் 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் சரக்கு உரிமம் தேவை. காப்புறுதி எடுக்கும்போது வாகனத்தின் உண்மையான பயன்பாட்டைச் சொல்ல வேண்டும்.

குலைகளின் மேல் வலை போட்டுக் கட்ட வேண்டும். வளைவில் உருண்டு விழும் ஒரு குலை, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரைச் சாய்க்கப் போதும். குலைக் குவியலின் மேல் தொழிலாளர்கள் உட்கார்ந்து வருவதையும் அனுமதிக்கக் கூடாது.

ஆலையில் எடை போட்டுத் தரும் சீட்டை எறிந்துவிடாமல் நான்கைந்து நடைக்குச் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் உண்மையில் எத்தனை கிலோ ஏற்றுகிறோம் என்பது தெரிந்துவிடும். வரம்பைத் தாண்டியிருந்தால் அடுத்த வெட்டிலிருந்து இரண்டு நடையாகப் பிரிப்பதே வழி.