இ.எஸ்.ஐ. சந்தா

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு இந்தியாவில் தொழிலாளிக்காக மாதந்தோறும் கட்டப்படும் தொகை. குடும்பத்துக்கான மருத்துவம், நோய்க்கால உதவித்தொகை, மகப்பேற்றுப் பயன், வேலையிட விபத்துக்கான ஈட்டுத்தொகை எல்லாம் இந்தச் சந்தாவை நம்பியே நடக்கின்றன. தனியார் காப்பீட்டில் வயது ஏறினாலோ சர்க்கரை நோய் வந்தாலோ பிரீமியமும் ஏறும். இங்கே சம்பளம் மட்டும்தான் கணக்கு. சிகிச்சையோ நோயைப் பொறுத்தது. திட்டத்தின் உயிர்நாடி இதுவே.

திட்டத்துக்கான வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு 1943-ல் பேராசிரியர் பி.பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் தந்த அறிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்கள் ஸ்டாக், ராவ் இருவரும் ஆராய்ந்து, மகப்பேற்றுப் பயனையும் விபத்து ஈட்டுத்தொகையையும் அதில் சேர்க்கச் சொன்னார்கள். 1948-ல் சட்டம் நிறைவேறியும் திட்டம் உடனே தொடங்கவில்லை. முதலில் எந்த ஊரில் தொடங்குகிறதோ அந்த ஊர் ஆலைகளுக்கு மட்டும் செலவு கூடும், போட்டியில் பின்தங்குவோம் என்று முதலாளிகள் அஞ்சினார்கள். 1951 திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது: திட்டம் வராத ஊர்களின் ஆலைகளும் ஒரு சிறப்புச் சந்தா கட்டவேண்டும், வந்த ஊர்களில் சற்றுக் கூடுதல். அதன்பின் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 1955-ல் கோயம்புத்தூருக்கு வந்தது.

தொடக்கத்தில் நாட்கூலியைப் படிகளாகப் பிரித்துச் சந்தா வசூலிக்கப்பட்டது. விழுக்காட்டுக் கணக்கு பின்னால் வந்தது. 1997 முதல் முதலாளி 4.75, தொழிலாளி 1.75 விழுக்காடு கட்டினார்கள். 2019 ஜூலை 1 முதல் அது 3.25, 0.75 எனக் குறைந்தது.

15,000 ரூபாய் சம்பளக்காரரின் சீட்டைப் பார்க்கலாம். அவர் பங்கு 112.50, பைசா விழுந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றுவார்கள் என்பதால் 113 ரூபாய் பிடித்தம். முதலாளி பங்கு 487.50, அதாவது 488. மொத்தம் 601 ரூபாயையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் முதலாளி கட்டிவிட வேண்டும். தன் பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது என்றது 1948 சட்டம். பிடித்த பணத்தைத் தொழிலாளி நம்பி ஒப்படைத்த பணமாகவே கருதியது. சராசரி நாட்கூலி 176 ரூபாய்க்குள் இருப்பவரிடம் பிடித்தமே இல்லை. முதலாளி மட்டும் தன் பங்கைக் கட்டுவார். மருத்துவச் செலவில், ஒரு வரம்புக்கு உட்பட்டு, எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது.

திட்டத்தில் சேர்வதற்கான சம்பள உச்சவரம்பு, சட்டம் வந்தபோது 400 ரூபாய். 2017 முதல் 21,000. விலைவாசியோடு இதுவும் அவ்வப்போது உயர்ந்தாக வேண்டும். இல்லையேல் சிறு சம்பள உயர்வே ஒரு குடும்பத்தின் மருத்துவத்தைப் பறித்துவிடும். ஆனால் வரம்பைத் தாண்டிய உடனே அல்ல: மே மாதம் சம்பளம் 21,500 ஆனவருக்கு, அந்தச் சந்தாக்காலம் முடியும் செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும். அந்தச் சந்தாவுக்குரிய பயன்காலம் ஜனவரியில் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது.