தியானத்தில் ஏறும் சூடு

தியானத்தில் உட்கார்ந்தால் உடம்பு கொதிக்குது, இது சித்தியா என்று நம்மவர்கள் சிலர் கேட்கிறார்கள். வடமொழியில் 'தபஸ்' என்றாலே சூடுதான். சமணத்தில் ஐந்து சரீரங்கள் சொல்வார்கள். அதில் தைஜசம் என்பது சூட்டுடம்பு. சாப்பிட்டது செரிப்பதும் அதனால்தான்.

மட்டாஞ்சேரி குஜராத்தித் தெருவில் 1904-இல் கட்டிய தர்மநாதர் கோயில் சுவேதாம்பரருடையது. அவர்களுடைய பகவதி சூத்திரத்தில் ஆசீவகத் தலைவர் கோசாலர் கதை வருகிறது. ஆறு மாதம் நோன்பிருந்து, இடையில் ஒரு பிடி பயறும் ஒரு கை தண்ணீரும் மட்டும் கொண்டு, வெயிலைப் பார்த்து நின்று தேஜோலேசியை என்னும் அனலைப் பெற்றார். கோபத்தில் அதை மகாவீரர் மேலேயே ஏவினார். அனல் திரும்பி வந்து அவரையே பற்ற, ஏழு நாளில் முடிந்துபோனார். மகாவீரரும் நோயுற்றாராம். தமிழ்ச் சமணர் நாங்கள் திகம்பரர், இதை ஏற்பதில்லை. கேவல ஞானிக்கு நோய் ஏது? ஆனால் எங்கள் பக்கமும் துவீபாயன முனிவர் இருக்கிறாரே! குடித்த யாதவ இளைஞர்கள் சீண்ட, அவர் தைஜசம் துவாரகையோடு அவரையும் எரித்தது. ஆக, தவச்சூடு இருந்தும் இருவருக்கும் கோபம் போகவில்லை.

1982-இல் ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவர், திபெத்தியத் துறவிகள் மூவருக்குத் தியானத்தில் கைகால் விரல்கள் 8.3 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியதாக எழுதினார். ரத்தக்குழாய் விரிவதே காரணமாகலாம் என்றார். எழுந்த பிறகும் சூடு இறங்கவில்லையா? அது ஜுரமாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள்.