யாழ்ப்பாணத் தீவகத்தில் மூத்த சாரதிகளின் விபத்துக் கடுமை

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவுப்பகுதிகளில் வயது முதிர்ந்த சாரதிகள் வீதி விபத்தில் அடையும் காயத்தின் கடுமையை நிர்ணயிக்கும் காரணிகள் இங்கு கூறப்படுகின்றன. விபத்து நேரும் வாய்ப்பு வேறு; நேர்ந்தபின் பிழைக்கும் வாய்ப்பு வேறு. இரண்டாவதே இக்கட்டுரையின் பொருள்.

அளவீடு

உடற்காயங்களுக்குப் புள்ளியிடும் சுருக்க அளவுகோல் 1971இல் வெளியாயிற்று. 1974இல் அமெரிக்கரான சூசன் பேக்கரும் உடன் ஆய்வாளர்களும், மிகுதியாகக் காயமுற்ற மூன்று உடற்பகுதிகளின் புள்ளிகளை வர்க்கித்துக் கூட்டி, 75ஐ உச்சமாகக் கொண்ட காயக்கடுமைப் புள்ளியை வகுத்தனர். மறு ஆண்டில் இங்கிலாந்தின் ஜே. பி. புல் அதனை வயதோடு வைத்துப் பார்த்தார். காயமுற்றோரில் பாதிப்பேர் இறக்கும் புள்ளி 15–44 வயதினருக்கு 40. 45–64 வயதினருக்கு 29. 65ஐக் கடந்தோருக்கு வெறும் 20. இத்துறையில் இதைவிடத் தெளிவான கண்டுபிடிப்பு அரிது. இலங்கைச் சட்டத்திலோ எலும்பு முறிவு யாருக்கு நேர்ந்தாலும் பாரதூரமான காயமே. இளைஞனின் மணிக்கட்டு முறிவும் எழுபது வயதுக்காரரின் தொடையெலும்பு முறிவும் ஒரே வகைக்குள் அடங்கிவிடும்.

உடல்

வாகனம் ஓட்டுவதில் மூத்தோரின் தள்ளாட்டமே மரணத்துக்குக் காரணம் என்பது பொதுப்பேச்சு. அது சரியன்று. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, ஓடிய தூரத்துக்கு ஈடாகக் கணக்கிட்டபோது மூத்த சாரதிகளிடம் மிகையாகக் காணப்படும் இறப்பில் 60 முதல் 95 சதவீதம் வரை உடல் நொய்மையால் விளைவது என மதிப்பிட்டது. விலா எலும்பு முறிந்தால் நுரையீரல் அழற்சி தொடரக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவருக்குத் தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தக்கசிவு பெருகக்கூடும்.

வீதியும் கடலும்

தீவகத்தில் மோட்டார் சைக்கிளே முதன்மை வாகனம் என்பதால் தலைக்கவசம் நீங்கலாக, அடியைத் தாங்க உடலைத் தவிர வேறொன்றுமில்லை. இரவில் வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள், மங்கலான பார்வையுள்ளவருக்குக் கடைசிக் கணத்தில்தான் தெரியும். பண்ணைத் தாம்போதியிலும், வேலணையைப் புங்குடுதீவோடு இணைக்கும் வாணர் பாலத்திலும் இருமருங்கும் கடல். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக அடிக்கும். நெடுந்தீவில் வீதியோரமெங்கும் பவளக்கல் மதில்கள். பார்க்க அழகு, மோதினால் இளகாதவை.

இவற்றோடு கடுமையை மேலும் மிகுதியாக்குவது தாமதம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் பாலமில்லை. நெடுந்தீவில் விழுந்தவரைப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொண்டுவந்து, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்கி, மேலும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வீதிவழியே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவசரநிலைகளில் கடற்படைப் படகு உதவும். புல் கணித்த 20 புள்ளி மருத்துவமனையை அடைந்தவர்களுக்குரியது என்பதை இங்கு நினைக்க வேண்டும்.

தற்போதைய நிலை

சாரதி அனுமதிப்பத்திரத்தை மருத்துவச் சான்றிதழுடன் புதுப்பிக்க வேண்டும்; மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் கட்டாயம்.