வாரா வாரம் காசு கொடுத்த கடை

1986-ல் என் சித்தப்பா மகன் சொந்தக் காசில் ஒரு பக்திப் பாடல் கேசட் போட்டான். பாட்டு எழுதியது, மெட்டுப் போட்டது, பாடியது எல்லாம் அவனே. மொத்தம் 500 கேசட். கடை கடையாகப் போய், "விற்றால் காசு" என்று வைத்துவிட்டு வந்தான். மூன்று மாதம் கழித்துப் போனால், "இன்னும் கணக்குப் பார்க்கல தம்பி" என்றார்கள். ஒரு வருஷம் கழித்துப் போனபோது ஒரு கடையில், "நீங்க யாரு?" என்றே கேட்டுவிட்டார்கள். கேசட்டும் இல்லை, காசும் இல்லை. சித்தி தன் வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது.

இந்தக் கதையை ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னபோது, கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மருமகன், "மாமா, இதைப் படிங்க" என்று ஒரு சின்ன இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தார். டெரெக் சிவர்ஸ் என்ற அமெரிக்கர் 2011-ல் எழுதியது. 'சிடி பேபி' என்ற தன் கம்பெனியின் கதையைச் சொல்கிறார். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பார்த்தவன் நான். பாட்டைவிடக் கணக்குதான் என்னை இழுத்தது.

சிவர்ஸ் பாஸ்டன் நகரத்து பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த பாட்டுக்காரர். நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் என்ற சின்ன ஊரில் வசித்தார். 1997-ல் தன்னுடைய சிடி ஒன்றை இணையத்தில் விற்க ஆசைப்பட்டார். பெரிய இணையக் கடைகளுக்குப் போன் செய்தால், பெரிய விநியோகஸ்தர் மூலம் வந்தால்தான் வாங்குவோம் என்றார்கள். விநியோகஸ்தர்களோ அங்கேயும் நம்மூர் கதைதான். சரக்கை எடுத்துக்கொள்வார்கள், காசு ஒரு வருஷம் கழித்து வந்தாலும் வரும், வராமலும் போகும்.

சரி, நாமே விற்போம் என்று இறங்கினார். அப்போது பேபால் போன்ற வசதிகள் கிடையாது. கிரெடிட் கார்டு வாங்க வங்கியில் வியாபாரிக் கணக்கு திறக்க வேண்டும். அதற்கு 1,000 டாலர் செலவு, மூன்று மாதம் காகித வேலை. கடை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேறு வந்து போனாராம். (அந்த ஆள் வேலையை நானும் பார்த்திருக்கிறேன். மளிகைக் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு ரிப்போர்ட் எழுதுவோம்.) பிறகு புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, 'வாங்க' என்ற பொத்தானுக்கான நிரலைத் தானே எழுதினார். முறையாகப் படித்த புரோகிராமர் இல்லை அவர்.

பொத்தான் வேலை செய்தது. நண்பர்கள், "என் சிடியையும் போடேன்" என்றார்கள். நண்பர்களின் நண்பர்கள் வந்தார்கள். 1998-ல் அது தனிக் கடையாகிவிட்டது.

எவ்வளவு வசூலிப்பது? இதற்கு அவர் எந்த நிபுணரையும் தேடவில்லை. ஊரில் இருந்த சிடி கடைக்குப் போய்க் கேட்டார். விலையை நீங்களே வைத்துக்கொள்ளலாம், ஒரு சிடிக்கு 4 டாலர் எங்களுக்கு, மீதியை வாரா வாரம் கொடுத்துவிடுவோம் என்றார் அங்கே கல்லாவில் இருந்த பெண். அதையே எடுத்துக்கொண்டார். புதுச் சிடியைக் கடையில் ஏற்ற ஒரு தடவை 35 டாலர், விற்றால் 4 டாலர். 15 டாலர் சிடி விற்றால் பாடியவருக்கு 11. பல வருஷம் கம்பெனியின் வருமானம் இந்த இரண்டே எண்கள்தான்.

இதோடு பாட்டுக்காரன் இடத்தில் நின்று நான்கு விதிகளையும் வைத்தார். வாரா வாரம் காசு. வாங்கியவரின் பெயரும் முகவரியும் பாடியவருக்குத் தெரிய வேண்டும். விற்பனை குறைவு என்று யாரையும் வெளியே தள்ளக்கூடாது. காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சிடியை முன்வரிசையில் வைக்கக்கூடாது. என் தம்பிக்கு இதில் முதல் விதி ஒன்று கிடைத்திருந்தாலே போதும்.

2003-ல்தான் சோதனை வந்தது. ஆப்பிள் கம்பெனி ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடையைத் திறந்தது. ஜூனில் சிறு இசை நிறுவனங்களைக் கூப்பிட்டு ஸ்டீவ் ஜாப்ஸே பேசினார். சிவர்ஸும் போயிருந்தார். சிடி பேபி மூலம் உங்கள் பாட்டையும் அங்கே ஏற்றுகிறோம் என்று தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதினார். ஒவ்வொரு சிடியையும் கோப்பாக மாற்றி, விவரங்களைத் தட்டச்சு செய்து அனுப்ப ஆள் வேண்டும் அல்லவா? அதற்கு ஆல்பத்துக்கு 40 டாலர் கட்டணம். 5,000 பேர் கட்டினார்கள். 2,00,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 90 லட்ச ரூபாய்.

மற்ற இணையக் கடைகளின் ஒப்பந்தங்கள் வந்துவிட்டன. ஆப்பிளின் ஒப்பந்தம் மட்டும் வரவில்லை. மாதங்கள் ஓடின. கட்டியவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அக்டோபரில் ஜாப்ஸ் மேடையில் பேசும்போது, 40 டாலர் கட்டி ஏற்றும் பாட்டுகளையெல்லாம் சேர்த்தால் எங்கள் பட்டியலும் பெரிதாகத்தான் இருக்கும், அது எங்களுக்கு வேண்டாம் என்கிற மாதிரி ஒரு குத்து குத்தினார். 40 டாலர் யாருடையது என்று சிவர்ஸுக்குப் புரியாதா?

அன்றே அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்து, நடந்ததையும் எழுதிவிட்டார். மறுநாளே ஆப்பிளின் ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. பாட்டுகள் ஏறின. ஆனால் அந்த 40 டாலரை அவர் மறுபடி கேட்கவில்லை. இனிமேல் அந்த வேலை இலவசம் என்று அறிவித்தார்.

முதலில் படித்தபோது, அவசரப்பட்டுவிட்டாரே, ஒருநாள் பொறுத்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். வேலை முடியாமல் வாங்கிய பணம் வருமானம் இல்லை. எங்கள் பேரேட்டில் அது சஸ்பென்ஸ் கணக்கில்தான் நிற்கும். அவர் தன் கையில் இல்லாத ஒன்றைத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கியிருந்தார். தப்பு அதுதான். அதை அவரும் ஒப்புக்கொள்கிறார்.

கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் அப்பாவிடம் 20,000 டாலர் கடன் வாங்கியபோது, காகிதத்தைச் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கம்பெனியில் 90 சதவீதம் அப்பாவின் கம்பெனிக்குப் போய்விட்டது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. திரும்ப வாங்க 33 லட்சம் டாலர் ஆயிற்று. இன்னொன்று: 2005-ல் தளத்தை 'ரெயில்ஸ்' என்ற புது முறையில் எழுத ஆரம்பித்து, இரண்டு வருஷ வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழைய பிஎச்பி-யிலேயே இரண்டு மாதத்தில் திரும்ப எழுதினார். முன்பு 90,000 வரி இருந்தது 12,000 வரியில் முடிந்ததாம். மருமகன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் ஆபீஸிலும் இது நடக்கிறது போலும்.

கம்பெனி போர்ட்லண்டுக்கு இடம் மாறி, 85 பேர் வேலை பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது. எல்லாவற்றையும் ஊழியர்கள் கையில் விட்டுவிட்டு அவர் ஒதுங்கியே இருந்தார். கடைசியில் லாபப் பங்கு விஷயத்தில் அவர்களோடு மனக்கசப்பு. அந்த இடத்தைப் புத்தகத்தில் சீக்கிரமாகக் கடந்துவிடுகிறார். ஊழியர் பக்கத்துக் கதையும் தெரிந்தால் நன்றாக இருக்கும். 2008-ல் டிஸ்க் மேக்கர்ஸ் என்ற சிடி தயாரிப்புக் கம்பெனிக்கு 2.2 கோடி டாலருக்கு விற்றார். அதற்குள் 1,50,000 பாட்டுக்காரர்களுக்கு 10 கோடி டாலருக்கு மேல் விற்றுக் கொடுத்திருந்தது அந்தக் கடை. விற்பதற்கு முன்பே உரிமையை ஓர் அறக்கட்டளைக்கு மாற்றிவிட்டார். அவர் இருக்கும்வரை வருஷத்துக்கு 5 சதவீதம் அவருக்கு, பிறகு மிச்சமெல்லாம் இசைக் கல்விக்கு.

புது முதலாளிகள் வந்தார்கள், கை மாறியது. சிடி விற்ற அந்த இணையக் கடையை 2020 மார்ச் 31-ல் மூடினார்கள். பாட்டுகளை மற்ற இணையச் சேவைகளுக்கு அனுப்பிவைக்கும் வேலை மட்டும் தொடர்கிறது.

தம்பியிடம் போனில் இதைச் சொன்னேன். இப்போது அவனுக்கு 67. "அண்ணா, என் பாட்டையும் அப்படி ஏத்த முடியுமா?" என்றான். ஒரு கேசட் பாக்கி இருக்கிறதாம். நாடா ஒட்டிக்கொண்டு ஓட மாட்டேன் என்கிறது. பழைய கேசட்டைக் கெடுக்காமல் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.